கீப்பர் விட்ட கோல்

எங்கள் தெருவின் கால்பந்து கிளப்புக்கு நாற்பது வயதானபோது, அதன் வரலாற்றை எழுதிப் புத்தகமாகப் போட வேண்டும் என்று டெய்லர் மாஸ்டருக்கு ஆசை பிறந்தது. கிளப்பின் செயலாளர் அவர். ஆரம்பித்த நாள் முதல் அவர்தான். வேறு யாரும் அந்தப் பதவியைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்பது வேறு விஷயம். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். அந்தத் தெருவுக்குக் குடிவந்து நாலு வருடம்தான் ஆகியிருந்தது. ‘புரூஃப் தம்பி’ என்று கூப்பிடுவார்கள். கால்பந்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது உருண்டையாக இருக்கும் என்பதுதான்.

“அதுதான் நமக்கு வேணும்,” என்றார் மாஸ்டர், குண்டூசிகளைப் பல்லில் கடித்தபடியே. “நீங்க வெளியாள். உள்ளாள் எழுதினா உள்குத்து இருக்கும். எல்லாரையும் போய்ப் பாருங்க. சொல்றதை அப்படியே எழுதுங்க. எழுதினதை முதல்ல எங்கிட்டக் காட்டுங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்திலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நோட்டும் கையுமாக நடக்க ஆரம்பித்த ஒரே வாரத்தில் தெரு என்னைப் போலீஸ்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. அதுவரை என்னை நிறுத்தி வைத்துக் கதை பேசியவர்கள், இப்போது நான் வந்தால் வானத்தைப் பார்த்து மழை வருமா என்றார்கள். டயர் கடை வைத்திருக்கும் பழைய அணியின் கேப்டனிடம் போனால், “மாஸ்டர் என்ன சொன்னான்? கிளப்பை அவன்தான் ஆரம்பிச்சான்னு சொன்னானா?” என்பார். திரும்பி வந்தால் மாஸ்டர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு, “டயர்க்காரன் எவ்வளவு நேரம் பேசினான்? என்னைப் பத்தி ஏதாவது?” என்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நூல் கோக்கிற ஊசி மாதிரிப் போய்வந்துகொண்டிருந்தேன்.

ஆனாலும் ஓரளவு தேறியது. லாரிகள் நிற்கும் கிடங்குக்குப் பின்னால் இருந்த சரிவான காலியிடம்தான் மைதானம். மேலிருந்து கீழே அடிக்கிற பாதியில் கோல் போட்டுக்கொள்ள வேண்டும். கீழிருந்து மேலே அடிக்கிற பாதியில் உயிர் பிழைத்தால் போதும். ஒரே ஒரு பந்து. அது வாய்க்காலில் விழுந்தால் இரண்டு அணியும் சேர்ந்து கரையோரமாக ஓடும். முதல் ஜெர்ஸி, வெள்ளைப் பனியன்களை மாஸ்டர் ஒரு டிரம்மில் போட்டுச் சிவப்புச் சாயம் ஏற்றியது. முதல் ஆட்டத்தன்று மழை பிடித்துக்கொண்டது. நம் ஆள் யார்மேல் மோதினானோ அவனும் சிவப்பாகிவிட்டான். இடைவேளைக்குள் இருபத்திரண்டு பேரும் ஒரே கட்சியாகிவிட்டார்கள் என்று கேப்டன் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அந்த ஒரு நாள்தான் அவர் சிரித்து நான் பார்த்தது.

பதினாலாம் வருடத்துக்கு வந்தபோது சிரிப்பு நின்றது. அந்த வருடம்தான் கிளப் நகரக் கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போனது. அதற்கு முன்னும் போனதில்லை, பின்னும் போகவில்லை. எதிரே பாட்டில் தொழிற்சாலை அணி. அவர்களுக்கு எல்லார் காலிலும் பூட்ஸ் உண்டு, தண்ணீர் கொடுக்கத் தனி ஆள் உண்டு. அந்தத் தொழிற்சாலையின் சங்குச் சத்தத்துக்குத்தான் எங்கள் தெருவே எழுந்து, சமைத்து, படுக்கிறது.

“ஆட்டம் முடிய ஆறு நிமிஷம்,” என்றார் கேப்டன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டே பேசினார். “கோல் இல்ல, ஒண்ணுமில்ல. அவங்க ஆளு இடது பக்கத்துலேர்ந்து சும்மா தட்டி விட்டான். அடிச்சான்னு சொல்ல மாட்டேன், தட்டி விட்டான். பந்து கோழி நடந்து வர்ற மாதிரி வந்துச்சு. இவன் குனிஞ்சான். கையை வச்சான். பந்து காலுக்கு நடுவுல போயிருச்சு. நான் பத்தடி தூரத்துல நிக்கறேன். எல்லாத்தையும் பாத்துட்டு நிக்கறேன்.”

“நழுவியிருக்கலாமே அண்ணே.”

“நழுவலாம். யார் கையிலேர்ந்தும் நழுவலாம்.” குமிழி வந்த இடத்தில் சாக்கட்டியால் வட்டம் போட்டார். “நழுவின ஆளுக்கு மூணே வாரத்துல அதே தொழிற்சாலையிலேர்ந்து நிரந்தர வேலைக்குக் கடிதாசி வருமா? எங்க எல்லாருக்கும் அங்க வேலை கேட்டுக் கேட்டுச் செருப்பு தேஞ்சுது. இவனுக்கு மட்டும் வீடு தேடி வந்துச்சு. இதை எழுதுங்க. தைரியம் இருந்தா எழுதுங்க.”

நான் எழுதவில்லை. பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அவர் அதையும் சந்தேகமாகப் பார்த்தார்.

‘கீப்பர்’ என்று தெரு இன்னமும் கூப்பிடுகிற அந்த மனிதர் என் அறைக்கு நேரெதிர் வீட்டில்தான் இருந்தார். இரண்டு அறை, தகரக் கூரை, வாசலில் குழாய். நாலு வருடமாகத் தினமும் பார்க்கிற முகம். காலைச் சங்குக்குப் போய் மதியம் இரண்டரைக்குத் திரும்புவார். உயரமான ஆள். வாசல் நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து குனிந்து, வெளியிலும் குனிந்தே நடக்கப் பழகியிருந்தார். கீப்பர் என்றால் ஏதோ பெருமைக்குச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன். அது இருபத்தாறு வருடத்து வசவு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நான் போனபோது அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவள், ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கடையின் காஜாவும் பட்டனும் அவள் கைவேலைதான். நோட்டைப் பார்த்ததும் ஊசி நின்றது.

“யார் அனுப்பினது? டயர்க்கடை அண்ணனா?”

“இல்லக்கா. கிளப் வரலாறு எழுதறோம். மாஸ்டர்தான்…”

“மாஸ்டர் நேத்துகூட வந்து துணி குடுத்துட்டுப் போனாரே, ஒரு வார்த்தை சொல்லலையே. வரலாறுன்னா எல்லா வீட்டுக்கும் போறீங்களா? இல்ல எங்க வீட்டுக்கு மட்டுமா?”

“எல்லா வீட்டுக்கும்தான்.”

“கடைசி வீட்டுக்குப் போகல. அங்க இருக்கறவரும் ஆடினவர்தான். காலையிலேர்ந்து ஜன்னல்லதான் இருக்கேன். நீங்க அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்ல.”

நான் நோட்டை மூடினேன். அதற்குள் கீப்பரே உள்ளேயிருந்து வந்தார். ரொட்டியைப் பருப்பில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், தட்டும் கையுமாக. “என்னவாம்?” என்றார். நான் சொன்னேன். அவர் ஒரு வாய் மென்று விழுங்கினார்.

“மத்தவங்க சொன்னதை எழுதிட்டீங்களா?”

“கேட்டுருக்கேன். எழுதல.”

“அதையே எழுதிக்குங்க. எனக்குத் தனியாச் சொல்ல ஒண்ணுமில்ல.” தட்டோடு உள்ளே போய்விட்டார். அக்கா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குச் சரியாகப் படவில்லை. புருஷனுக்காக என்னை விரட்டுகிறவளின் பார்வையாக இல்லை அது. எனக்கு என்ன பதில் கிடைக்கும் என்று என்னைவிட ஆவலாக அவள் காத்திருந்ததுபோலப் பட்டது.

அந்த வாரமே பாட்டில் லேபிள்களின் மாதிரியைக் காட்டிக் கையெழுத்து வாங்க அச்சகத்திலிருந்து என்னைத் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். மேலாளர் வரும்வரை உள்ளே நிற்க வைத்தார்கள். அங்கேதான் கீப்பர் வேலை செய்வதைப் பார்த்தேன். சூளையிலிருந்து ஆறி வந்த பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக நகர்ந்து வருகின்றன. ஓரிடத்தில் அவற்றுக்குப் பின்னால் வெள்ளை விளக்குத் திரை. அதன் முன்னால் முக்காலியில் அவர். கீறல், குமிழி, கோணல் கழுத்து எது கண்ணில் பட்டாலும் கை நீண்டு அந்தப் பாட்டிலை மட்டும் கழுத்தில் பிடித்துத் தூக்கி, பக்கத்துக் குழியில் போடுகிறது. சிலீர் என்று ஒரு சத்தம். பெல்ட் நிற்பதில்லை. அரை மணி நேரம் பார்த்தால் அரை மணி நேரம் கண்ணுக்கு ஓய்வு கொடுப்பார்களாம். ஒன்றைப் பிடித்துப் போட்ட கை மடிக்குத் திரும்புவதற்குள் அடுத்ததைப் பிடித்துவிடுகிறது. இந்தக் கையா அந்தக் கோழிநடைப் பந்தை விட்டது என்று எனக்கும் தோன்றியது. ஒளிப்பானேன், அந்த நிமிஷத்தில் நானும் கேப்டன் கட்சிக்குப் போய்விட்டேன்.

ஓய்வுக்கு எழுந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, “இங்கயும் வந்துட்டீங்களா?” என்றார். லேபிளைக் காட்டினேன். நம்பவில்லை. வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாள் சாயங்காலம் அக்கா என் அறைக் கதவைத் தட்டினாள். கையில் தைத்து முடித்த சட்டை மூட்டை. தெரு பார்த்தால் மாஸ்டர் கடைக்குப் போகிறாள் என்று நினைக்கட்டும் என்று எடுத்து வந்திருக்கிறாள். உள்ளே வந்து உட்காரவில்லை. கதவையும் சாத்த விடவில்லை.

“தம்பி, உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுதா?”

“எதைப் பத்திக்கா?”

“தெரியாத மாதிரி கேக்காதீங்க. அவர் வித்தாரா இல்லையா?”

அவள் மூட்டையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

“என்னடா இது, பொண்டாட்டியே கேக்கறாளேன்னு பாக்கறீங்க. இருபத்தாறு வருஷமா யார்கிட்டயும் கேக்கல. அவர்கிட்ட கேட்டதே இல்ல. குழாயடியில நான் போனாப் பேச்சு நிக்கும். கடையில பாக்கிச் சில்லறையை என் கையில குடுக்காம மேஜைமேல வைப்பாங்க. என் பொண்ணு ஒன்பது வயசுல பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து, ‘அம்மா, அப்பா மேட்சை வித்தாரா’ன்னு கேட்டா. ஓங்கி அறைஞ்சேன். அப்பாவைப் பேசினான்னு அடிக்கல தம்பி. எனக்குப் பதில் தெரியலைன்னு அடிச்சேன். இப்ப அவ கல்யாணமாகி வேற ஊர்ல இருக்கா. இன்னும் அந்த அறையை மறக்கல.”

“அவர்கிட்டயே கேட்டிருக்கலாமே அக்கா?”

“கேட்டு, ஆமான்னு சொல்லிட்டா? அப்புறம் அந்தச் சம்பளத்துல வாங்கின அரிசியை எந்தக் கையால உலையில போடறது?” சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணு இருக்கு. அவருக்கே தெரியாது. அந்த மேட்சுக்கு ஒரு மாசம் முன்னாடி நான் தொழிற்சாலைக்குப் போனேன். அப்ப நாலு மாசம் முழுகாம இருந்தேன். இவர் வெல்டிங் வேலை கிடைச்ச நாள் போவார், கிடைக்காத நாள் பந்து. ஆபீஸ் குமாஸ்தா வீட்டுச் சட்டையெல்லாம் நான்தான் தைப்பேன். அவர் கால்ல விழாத குறையாக் கேட்டு, இவர் பேரை எழுதிக் குடுத்துட்டு வந்தேன். ‘பாக்கலாம்மா, மேலாளர் கையெழுத்துப் போடணும்’னாரு. அவ்வளவுதான். அப்புறம் மேட்சு. அப்புறம் கடிதாசி. அது நான் கேட்டதுக்கு வந்துச்சா, இவர் விட்டதுக்கு வந்துச்சா? யார்கிட்ட போய்க் கேப்பேன்? குமாஸ்தாவும் அந்த வருஷமே மாத்தலாகிப் போயிட்டாரு.”

“அந்தக் கடிதம் இருக்கா?”

“பெட்டியில வச்சிருக்கார். நான் அதைத் தொட்டது இல்ல. பாம்பு மாதிரி அது.”

எனக்கு வேறு எது தெரியாவிட்டாலும் ஒன்று தெரியும். அச்சிட்ட தாளைக் கையில் கொடுத்தால் முதலில் என் கண் தேதிக்குத்தான் போகும். தப்பு அங்கேதான் அதிகம் நடக்கும். “அதைக் கொஞ்சம் பாக்கணுமே அக்கா,” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரச் சொன்னாள். போனபோது கீப்பர் கட்டிலில் சாய்ந்து கண்ணுக்கு மருந்து விட்டுக்கொண்டிருந்தார். உருளைக்கிழங்கு வெந்த வாசனை. வெயிலில் தகரக் கூரை டப்டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தது. அக்கா நேராகப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறையில் இருந்த காகிதத்தை எடுத்து என் கையில் கொடுத்தாள். அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“என்ன பண்றே? அதை ஏன் அவர்கிட்ட குடுக்கறே?”

“பாக்கட்டும்.”

“என்னத்தைப் பாக்கணும்?”

பழுப்பேறிய தாள். தட்டச்சு எழுத்து. மேலே வலது மூலையில் தேதி. நான் நோட்டைப் புரட்டினேன். மாஸ்டர் கடையில் தொங்குகிற இரண்டாம் பரிசுக் கேடயத்திலிருந்து இறுதி ஆட்டத்தின் தேதியைக் குறித்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இன்னொரு முறை பார்த்தேன். கீழே மேலாளர் கையெழுத்துக்குப் பக்கத்திலும் அதே தேதி, பேனாவில்.

“அக்கா, மேட்சுக்கு ஒன்பது நாள் முன்னாடி போட்ட கடிதம் இது. கையெழுத்தும் அன்னிக்கே. அப்ப அரையிறுதியே நடக்கல, கேப்டன் அண்ணன் தேதி சொல்லியிருக்கார். அனுப்பினதுதான் தாமதம். இவர் கோல் விட்டாலும் புடிச்சாலும் இந்த வேலை வந்திருக்கும். நீங்க கேட்டதுக்குத்தான் வந்திருக்கு.”

அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அழுகிறாளா என்று தெரியவில்லை. கீப்பர்தான் முதலில் பேசினார்.

“நீ கேட்டதுக்கா? நீ எங்க போய்க் கேட்டே?”

அவள் முகத்தை எடுக்காமலே சொன்னாள். குமாஸ்தா, சட்டை, எழுதிக் கொடுத்த பேர், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். மருந்து கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவில்லை.

“டீமுக்கு எடுத்தாங்கன்னு நினைச்சேன்,” என்றார் மெதுவாக. “நல்ல கீப்பர்னு பாத்துட்டு அவங்க டீமுக்காகத்தான் வேலை குடுத்தாங்கன்னு. ஒரு வருஷம் பூட்ஸை லாக்கர்லயே வச்சிருந்தேன். எப்ப வேணா கூப்பிடுவாங்கன்னு. ஒருத்தனும் கூப்பிடல.”

அக்கா முந்தானையை இறக்கினாள். கண் சிவந்திருந்தது, ஆனால் ஈரமில்லை.

“அப்ப நீங்க விக்கல.”

“என்னது?”

“மேட்சை. நீங்க விக்கல.”

“நீயுமா?” என்றார் அவர். “நீயுமா அப்படி நினைச்சே? இத்தனை வருஷமா எனக்குச் சோறு போட்டுக்கிட்டு, பக்கத்துல படுத்துக்கிட்டு?”

“நினைக்காம? நீங்க ஒரு நாளாவது இல்லைன்னு சொன்னீங்களா? தெருவே பேசிச்சு. மூஞ்சிக்கு நேரா பேசினாங்க. கேப்டன் அண்ணன் நம்ம வாசல்ல நின்னு காறித் துப்பினார். நீங்க கதவைச் சாத்திட்டு வந்து சாப்பிட உக்காந்தீங்க. இல்லைன்னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை. ஏன் சொல்லல?”

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். பெரிய கைகள். விரல் நுனியெல்லாம் கண்ணாடி கிழித்த வெள்ளைக் கோடுகள். நான் எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். அக்கா என்னைக் கையமர்த்தினாள். சாட்சி வேண்டும் போலிருக்கிறது அவளுக்கு.

“வித்தான்னு சொன்னாங்க,” என்றார் அவர். “வித்தவன்னா என்ன அர்த்தம்? புடிக்கத் தெரிஞ்சவன்னு அர்த்தம். புடிச்சிருப்பான், வேணும்னே விட்டான்னு அர்த்தம். இல்லப்பா, எனக்கு நழுவிருச்சுன்னு சொன்னா? அந்தப் பந்தா? சின்னக் குழந்தைகூடப் புடிச்சிருக்கும். எனக்கு அப்ப அது ஒண்ணுதான் இருந்துச்சு. வேலை இல்ல, காசு இல்ல, படிப்பு இல்ல. கீப்பர்னு ஒரு பேரு. அது தப்பாப் போயிருச்சுன்னு என் வாயால எப்படிச் சொல்றது? திருடன்னு சொல்லட்டும், ஆடத் தெரியாதவன்னு சொல்ல வேண்டாம்னு விட்டுட்டேன்.”

கூரை ஒருதரம் வெடித்து அடங்கியது. அக்கா எழுந்தாள். எழுந்த வேகத்தில் பட்டன் டப்பா தட்டி உருண்டது. யாரும் எடுக்கவில்லை.

“நீங்க கோல்கீப்பரா இருக்கறதுக்காக நான் திருடன் பொண்டாட்டியா இருந்தேனா?” என்றாள். சத்தம் போடவில்லை. “என் பொண்ணு திருடன் மகளா இருந்தாளா? குழாயடியில, கடையில, பள்ளிக்கூடத்துல? உங்க பேரு கெடக்கூடாதுன்னு?”

“அந்த மாதிரி நினைக்கல நான்…”

“நினைக்கவே இல்ல. அதுதான் சொல்றேன். உங்களைத் தவிர வேற யாரையும் நினைக்கல.” அடுப்பை அணைத்தாள். பானையை இறக்கி வைத்தாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். “எழுந்திருங்க.”

“எங்க?”

“கேப்டன் அண்ணன் கடைக்கு. எங்கிட்ட சொன்னதை அங்க வந்து சொல்லுங்க. நழுவிருச்சுன்னு. அது உங்க வாயிலேர்ந்து வரணும். வரமாட்டேன்னா நான் இன்னிக்கே பொண்ணு வீட்டுக்குப் போறேன். திரும்பி வருவேன்னு எதிர்பாக்காதீங்க.”

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். சட்டையைப் போட்டார். பட்டனை மாற்றிப் போட்டுவிட்டு, அவிழ்த்து மறுபடி போட்டார்.

மூன்று பேரும் தெருவில் நடந்தோம். அவள் முன்னால், அவர் நடுவில், நான் பின்னால். ஜன்னல்கள் திறந்தன. மாஸ்டர் கடைக்கு வெளியே வந்து, அளவு டேப் கழுத்தில் தொங்க, எங்களைப் பார்த்துவிட்டுப் பின்னாலேயே வந்துவிட்டார். “என்ன தம்பி, என்ன விஷயம்? எங்கிட்ட காட்டாம ஏதாவது எழுதிட்டீங்களா?” என்று என் காதில் கேட்டுக்கொண்டே வந்தார்.

கேப்டன் ஒரு லாரி டயரை ரிம்மிலிருந்து நெம்பிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நெம்புகோலைக் கீழே வைக்காமல் நிமிர்ந்தார். இருபத்தாறு வருடத்தில் கீப்பர் அந்தக் கடை வாசலில் நிற்பது அதுதான் முதல் தடவை.

“சொல்லுங்க,” என்றாள் அக்கா.

கீப்பர் தொண்டையைச் செருமினார். “கேப்டன், அந்தப் பந்து… எனக்கு நழுவிருச்சு. யாரும் எனக்கு ஒண்ணும் குடுக்கல. யாரும் வந்து கேக்கவும் இல்ல. குனிஞ்சேன். பந்து ஒரு சின்ன மேட்டுல பட்டு எழும்புச்சு. நான் அதுக்குள்ள கையை மூடிட்டேன். அவ்வளவுதான். என் தப்பு.”

நான் கடிதத்தையும் கேடயத்துத் தேதியையும் சொன்னேன். மாஸ்டர் விரல்விட்டு நாள் எண்ணினார். கேப்டன் எண்ணவில்லை. ஒரு டயர்மேல் உட்கார்ந்தார். அவர் முகம் போன போக்கு எனக்குப் பிடிபடவில்லை. நிம்மதி வரும் என்று நினைத்தேன், வந்தது வேறு.

“யாரும் வந்து கேக்கலையா உங்கிட்ட?” என்றார்.

“இல்லை.”

“எங்கிட்ட வந்தான்.”

மாஸ்டர் எண்ணிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றது. “என்னடா சொல்றே?”

“அவங்க சூப்பர்வைசர் ஒருத்தன். மேட்சுக்கு நாலு நாள் முன்னாடி. உனக்கும் உன் தம்பிக்கும் வேலை, கொஞ்சம் பாத்து ஆடுன்னான். நான் மாட்டேன்னு சொல்லல.” கேப்டன் தரையைப் பார்த்துப் பேசினார். “யோசிச்சுச் சொல்றேன்னேன். மூணு ராத்திரி யோசிச்சேன். மேட்ச் அன்னிக்கு வரைக்கும் நான் பதில் சொல்லவே இல்ல. ஆடும்போதுகூட எனக்கே தெரியல, நான் எந்தப் பக்கம்னு. அப்ப இவன் அந்தப் பந்தை விட்டான். சரி, எங்கிட்ட பேசினவன் இவன்கிட்டயும் பேசிட்டான், இவன் சரின்னுட்டான்னு தோணிச்சு. வேற மாதிரி தோணவே இல்லடா எனக்கு. சாமி சத்தியமா தோணல.”

கம்ப்ரஸர் தானாக ஓடி, தானாக நின்றது. கீப்பருக்குக் கோபம் வரும், கை ஓங்குவார் என்று மாஸ்டர் நினைத்திருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார். ஆனால் கீப்பர் கேட்டது வேறு.

“எங்கிட்ட ஏன் வரல அவன்?”

கேப்டன் நெம்புகோலைத் துணியால் துடைத்தார்.

“சொல்லு கேப்டன். கோல் விழணும்னா கீப்பர்கிட்டதானே முதல்ல வரணும்? ஏன் வரல?”

“விடுறா இப்ப.”

“சொல்லு.”

“நானும் கேட்டேன் அவனை. கீப்பர்கிட்டயும் பேசணுமேன்னு.” கேப்டன் நிமிரவே இல்லை. “சிரிச்சான். அந்தக் கீப்பருக்கெல்லாம் தனியாச் சொல்ல வேண்டியதில்ல, அவன் நின்னாலே போதும்னான்.”

கீப்பருக்கு ஏற்கெனவே குனிந்த முதுகு. அது இன்னும் குனிந்ததை நான் பார்த்தேன். இத்தனை வருடம் திருடன் என்ற பேரை வாங்கி எதைக் காப்பாற்றி வைத்திருந்தாரோ, அதை ஒருவன் அன்றைக்கே சிரித்துத் தள்ளியிருக்கிறான்.

அப்போதுதான் அக்கா முன்னால் வந்தாள்.

“யாரு அவன்?” என்றாள். “எந்த சூப்பர்வைசர்? மெஷினுக்கு எண்ணெய் விடற ஆளுங்களை மேய்க்கறவனுக்குப் பந்தைப் பத்தி என்ன தெரியும்? அரையிறுதி எப்படி ஜெயிச்சீங்க, மறந்துபோச்சா அண்ணே? நீங்க கோல் போட்டா ஜெயிச்சீங்க? பெனால்டியில ஜெயிச்சீங்க. யார் புடிச்சது பெனால்டியை? அவனா வந்து புடிச்சான்? சேறு கணுக்கால் வரைக்கும். இவர் வலது பக்கம் பாஞ்சு விழுந்து, எழுந்து, அடுத்ததுக்கு இடது பக்கம் பாஞ்சார். முழங்கை தோல் உரிஞ்சு நான்தான் மருந்து வச்சேன். காலிறுதியில ஒருத்தன் தலையால முட்டின அந்தப் பந்து? கம்பத்துக்கும் கைக்கும் நடுவுல ஒரு சாண்கூட இல்ல. நீங்கதானே அண்ணே இவரைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஓடினீங்க? நின்னாலே போதுமாம்! அவனை நிக்கச் சொல்லுங்க பாக்கலாம்!”

மூச்சு வாங்கியது அவளுக்கு. கடைக்கு வெளியே பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டிருந்தார்கள். குழாயடிப் பெண்கள் இரண்டு பேர் குடத்தோடு நின்றார்கள். அக்கா அவர்களையும் ஒருதரம் பார்த்தாள், இந்தத் தடவை அவர்கள்தான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கேப்டன் எழுந்தார். கிரீஸ் படிந்த கையை வேட்டியில் துடைத்து நீட்டினார். கீப்பர் அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பிடித்தார். இறுக்கிப் பிடித்ததுபோலத் தெரியவில்லை, விட்டுவிடவும் இல்லை.

மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, “இதெல்லாம் புத்தகத்துல வேண்டாம் தம்பி. இறுதி ஆட்டத்தில் ஒரு கோலில் தோற்றோம், அவ்வளவு போதும்,” என்றார்.

“இல்ல,” என்றார் கீப்பர். “எழுதட்டும். எனக்கு நழுவிச்சுன்னு எழுதட்டும்.”

“என்னைப் பத்தியும் எழுதட்டும்,” என்றார் கேப்டன்.

திரும்பி நடந்தோம். அக்கா முன்னால்தான் போனாள். அவரோடு சேர்ந்து நடக்கவில்லை. அவர் மேல் இருந்த கோபம் அவளுக்குத் தீரவில்லை என்பது நடையிலேயே தெரிந்தது. தீர இன்னும் நாளாகும், தீராமலேகூடப் போகலாம். வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் என்னைப் பார்த்து, கொஞ்சம் கூச்சத்தோடு, “அந்த அரையிறுதியையும் எழுதிருவீங்கல்ல? மூணு பெனால்டி புடிச்சேன்,” என்றார்.

அக்கா கதவைத் திறந்துகொண்டிருந்தவள் திரும்பினாள்.

“ரெண்டு,” என்றாள். “மூணாவது கம்பத்துல பட்டுப் போச்சு. நான் பாத்துட்டுத்தானே நின்னேன்.”

அவர் குனிந்து உள்ளே போனார்.

புத்தகத்தில் இரண்டு என்றுதான் இருக்கிறது.